குட்டி என்ன சொல்கிறான்?

விடியற்காலை நேரம். கோலார் தங்கவயல். மாரிகுப்பத்தில் இருந்து பெங்களூருக்கு ரயில் புறப்படுகிறது. பெட்டி நிறையக் கூட்டம். எல்லோர் கையிலும் சாப்பாட்டு டப்பா. கண்ணில் தூக்கம். எல்லோரும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

ஒரு காலத்தில் இந்த ஊரிலேயே வேலை இருந்தது. தரைக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை தங்கச் சுரங்கம் இருந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு ரயில்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

இந்த ஊரில் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சாம்பியன் ரீப்பில் ஒரு பழைய லைன் வீடு. தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தவர். அவருடைய மூத்த மகள் பெங்களூரில் துணி தைக்கும் கம்பெனிக்குப் போகிறாள். அவள் கணவனுக்கும் பெங்களூரில்தான் வேலை. வாரம் ஒரு முறை வருவான். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு மகன். வீட்டில் அவனைக் 'குட்டி' என்று கூப்பிடுகிறார்கள். பகலில் பாட்டியும் சித்தியும் அவனைப் பார்த்துக்கொள்கிறார்கள். சித்தி பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள்.

சன்னல் கம்பியில் கட்டிய சேலை

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குட்டி திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பாத்திர மூடியைத் தரையில் சுற்றிவிட்டு மணிக்கணக்காகப் பார்ப்பான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அவனுக்குப் பேச்சு வரவில்லை.

"செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க" என்றார்கள் தெருக்காரர்கள். "அம்மா வேலைக்குப் போறா. வளர்ப்பு சரியில்லை" என்றார்கள் சொந்தக்காரர்கள். பாட்டி மூன்று கோயில்களில் மந்திரித்துக் கயிறு கட்டினார்.

ஒரு நாள் சாயங்காலம் குட்டியைக் காணவில்லை. தெருவே தேடியது. சயனைடு மண் மேட்டுப் பக்கம் தனியாக நடந்துகொண்டிருந்தான். யாரோ பார்த்துத் தூக்கி வந்தார்கள். பிறகும் நாலைந்து தடவை ஓடினான்.

அதற்குப் பிறகு பாட்டி ஒரு பழைய சேலையைக் கிழித்தார். ஒரு முனையைக் குட்டியின் காலில் கட்டினார். மறு முனையைச் சன்னல் கம்பியில் கட்டினார். கட்டும்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் நகரசபையின் மறுவாழ்வுப் பணியாளர் வீட்டுக்கு வந்தார். மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்குப் போய் உதவி செய்வது அவர் வேலை.

"பாட்டி, பிள்ளையை ஏன் கட்டி வெச்சிருக்கீங்க?"

"ஓடிப் போறாம்மா. ரயில்ல அடிபட்டா யாரு பதில் சொல்றது?"

"உங்க பயம் நியாயம்தான். ஆனா கட்டினா அவன் ஓட்டம் நிக்காது. அவன் ஏன் ஓடறான்னு கண்டுபிடிக்கணும். முதல்ல டாக்டர்கிட்டப் போகலாம்."

கோலார் மாவட்ட மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கிருந்து பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். டாக்டர்கள் குட்டியோடு விளையாடிப் பார்த்தார்கள். அம்மாவிடம் பல கேள்விகள் கேட்டார்கள். பிறகு சொன்னார்கள்: "குட்டிக்கு ஆட்டிசம் இருக்கிறது."

ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் தொற்றும் நோய் அல்ல. பைத்தியம் அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. மூளை வேறு விதமாக வளர்வதால் வருவது. பிறவியிலேயே தொடங்குவது. பார்ப்பது, கேட்பது, பேசுவது, பழகுவது எல்லாம் இந்தக் குழந்தைகளுக்கு வேறு மாதிரி இருக்கும். சிலர் நன்றாகப் பேசுவார்கள். சிலருக்குப் பேச்சே வராது.

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் இப்படிப்பட்ட 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிறகு சில காலம் டாக்டர்களே தாய்மார்களைக் குறை சொன்னார்கள். தாய்க்குப் பாசம் குறைவு, அதனால்தான் பிள்ளை இப்படி என்றார்கள். அது பெரிய தவறு. தாயின் வளர்ப்பால் ஆட்டிசம் வருவதில்லை. தடுப்பூசியாலும் வருவதில்லை. ஆராய்ச்சிகள் இதை நிரூபித்துவிட்டன.

சில அடையாளங்களைச் சிறு வயதிலேயே பார்க்கலாம்.

ஒரு வயதாகியும் பெயர் சொன்னால் திரும்பாதது.
ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டாதது.
இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது.
பேசிய சொற்களை மறந்துபோவது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். 'வளர்ந்தால் சரியாகும்' என்று காத்திருக்கக்கூடாது. சீக்கிரம் தொடங்கும் பயிற்சி குழந்தைக்கு நல்லது.

சித்தி கேட்ட கேள்வி

நிமான்ஸில் ஒரு பயிற்சியாளர் குட்டியோடு தரையில் உட்கார்ந்தார். குட்டி மூடியைச் சுற்றினான். அவரும் ஒரு மூடியைச் சுற்றினார். குட்டி நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவர் சிரித்தார். குட்டி தன் மூடியை அவரிடம் நீட்டினான்.

சித்தி வியந்துபோனாள். யாரிடமும் எதையும் கொடுக்காத பிள்ளை!

"மேடம், இதை நான் கத்துக்க முடியுமா? இதுக்கு டாக்டருக்குப் படிக்கணுமா?"

"எல்லாத்துக்கும் டாக்டர் படிப்பு வேண்டாம். பொறுமை வேணும். பயிற்சி வேணும். சொல்லிக்கொடுக்கிற பெரியவங்க ஒருத்தர் மேலே இருக்கணும்."

அவர் சொன்னது உண்மை. கோவாவிலும் பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டியிலும் ஒரு ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2016-ஆம் ஆண்டு வெளியானது. அதில் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சிறப்பு நிபுணர்கள் அல்ல. இந்த வேலைக்காகப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் 12 முறை பயிற்சி கொடுத்தார்கள்.

அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்தார்கள். பிறகு அதைப் பெற்றோரோடு சேர்ந்து பார்த்தார்கள். "இதோ, இங்கே பிள்ளை உங்களைப் பார்க்கிறான். நீங்கள் கவனிக்கவில்லை" என்று காட்டினார்கள். பெற்றோர் குழந்தையின் குறிப்பைப் புரிந்து நடக்கக் கற்றார்கள். குழந்தைகளும் தாங்களாகவே பெற்றோரை அதிகமாக நாடினார்கள். ஆட்டிசம் மறைந்துவிடவில்லை. ஆனால் வீட்டில் உறவு வளர்ந்தது.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு 'நடத்தைப் பயிற்சி உதவியாளர்' என்று ஒரு தனிச் சான்றிதழே உண்டு. 2014-இல் தொடங்கியது. குறைந்தது 40 மணி நேரம் படிக்க வேண்டும். தேர்வு எழுத வேண்டும். அதன் பிறகும் தனியாக வேலை செய்ய முடியாது. ஒரு மேற்பார்வையாளரின் கீழ்தான் செய்ய வேண்டும்.

நம் நாட்டில் இந்திய மறுவாழ்வுக் குழு என்ற அமைப்பு இருக்கிறது. மறுவாழ்வுப் படிப்புகளை அங்கீகரிப்பது அதன் வேலை. இதற்கான சட்டம் 1992-இல் வந்தது. 2021-இல் இந்தக் குழு ஆறு மாதப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகம் அதற்கு உதவியது. ஊரிலேயே இருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பணியாளர்களை உருவாக்குவதே நோக்கம். அவர்களுக்குத் 'திவ்யாங் மித்ரா' என்று பெயர். மாற்றுத்திறனாளியின் தோழர் என்று பொருள்.

சித்தி பயிற்சிக்குச் சேர்ந்தாள்.

முதல் பாடம்: பார், எழுது

முதல் நாள் ஆசிரியை ஒரு நோட்டைக் கொடுத்தார். மூன்று கோடு போட்டுப் பிரிக்கச் சொன்னார்.

ஒன்று: முன்னால் என்ன நடந்தது?
இரண்டு: குழந்தை என்ன செய்தது?
மூன்று: பிறகு என்ன நடந்தது?

"அடம் பிடித்தான், கெட்ட பிள்ளை என்று எழுதாதீர்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். மணி என்ன என்றும் எழுதுங்கள்" என்றார்.

சித்தி குட்டியைப் பற்றி எழுதினாள்.

"காலை 8 மணி. குக்கர் விசில் அடித்தது. குட்டி காதைப் பொத்தி அலறினான். பாட்டி குக்கரை இறக்கினார். அலறல் நின்றது."

"மாலை. ரயில் ஊதும் சத்தம் கேட்டது. குட்டி எழுந்தான். வாசல் பக்கம் இழுத்தான். சேலை தடுத்தது. கையைக் கடித்தான்."

மூன்று வாரம் எழுதினாள். பிறகு ஆசிரியை நோட்டைப் படித்தார். ரயில் வரி எழுதிய இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டார். பதினான்கு கோடுகள். எல்லாமே மாலை நேரம்.

"அந்த ரயிலில் யார் வருகிறார்கள்?" என்று கேட்டார்.

சித்திக்குத் தொண்டை அடைத்தது. அந்த ரயிலில்தான் குட்டியின் அம்மா வேலை முடிந்து வருகிறாள்.

குட்டி அம்மாவைத் தேடித்தான் ஓடியிருக்கிறான். அதைச் சொல்ல அவனுக்கு வார்த்தை இல்லை.

தாத்தா சொன்ன மணி

அன்று இரவு சித்தி வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொன்னாள். தாத்தா வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நான் சுரங்கத்துல கூண்டுகிட்ட வேலை செஞ்சேன். கீழே இருக்கிறவன் பேசினா மேலே கேக்காது. மணி அடிப்போம். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு அர்த்தம். இறக்கு, ஏத்து, நிறுத்து. மேலே இருக்கிறவன் மணியைச் சரியாக் கேக்கணும். தப்பாக் கேட்டா உயிர் போயிடும். இந்தப் பையன் இத்தனை நாளா மணி அடிச்சிருக்கான். நமக்குத்தான் புரியலை."

ஆசிரியை சொன்ன யோசனையும் அதுதான். குட்டிக்கு ஒரு 'மணி' வேண்டும். சித்தி ஒரு அட்டையில் ரயில் படம் ஒட்டினாள். மற்றொன்றில் தண்ணீர்க் குவளை. இன்னொன்றில் காதைப் பொத்திய முகம்.

மாலையில் ரயில் சத்தம் கேட்டது. சித்தி குட்டியின் கையில் ரயில் அட்டையைக் கொடுத்தாள். அதைத் தன் கையில் வாங்கினாள். "ரயில்! போகலாம்" என்றாள். சேலையை அவிழ்த்தாள். கையைப் பிடித்துச் சாம்பியன் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். அம்மா இறங்கினாள். குட்டி குதித்தான். இரண்டு கைகளையும் படபடவென்று ஆட்டினான்.

தினமும் இப்படிச் செய்தார்கள். பல நாள் கழித்து ஒரு மாலை. சித்தி அடுப்படியில் இருந்தாள். யாரோ சேலையை இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தாள். குட்டி நின்றான். கையில் ரயில் அட்டை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் அட்டை இருந்தும் ஓடினான். அதனால் கதவில் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். பெரியவர் ஒருவர் எப்போதும் வீட்டில் இருந்தார். பக்கத்துத் தெருக்காரர்களிடமும் சொல்லி வைத்தார்கள். காலில் கட்டிய சேலைக்கு வேலை இல்லாமல் போனது.

பெரிய வேலை, சின்னப் படிகள்

பயிற்சியில் சித்தி வேறு பாடங்களும் கற்றாள்.

கை கழுவுவது நமக்கு ஒரே வேலை. குட்டிக்கு அது ஆறு வேலை. குழாயைத் திற. கையை நனை. சோப்பு போடு. தேய். கழுவு. துடை. ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு படி வந்ததும் உடனே பாராட்ட வேண்டும். பிள்ளைக்குப் பிடித்த ஒன்றைத் தர வேண்டும். குட்டிக்குப் பரிசு மிட்டாய் அல்ல. மூடியைச் சுற்ற இரண்டு நிமிடம்.

குக்கர் சத்தம் அவனுக்கு வலி போல. அதனால் குக்கர் வைக்கும் முன் பாட்டி அவனைத் திண்ணைக்கு அனுப்பினார்.

கையைப் படபடவென்று ஆட்டுவதைத் தடுக்க வேண்டுமா? வேண்டாம். அதனால் யாருக்கும் தீங்கு இல்லை. அது அவன் மகிழ்ச்சி. கண்ணைப் பார் என்று கட்டாயப்படுத்துவதும் தவறு. ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர் இதைச் சொல்கிறார்கள். சிறு வயதில் அப்படிக் கட்டாயப்படுத்தியது தங்களை வதைத்தது என்கிறார்கள். பயிற்சியின் நோக்கம் பிள்ளையை மற்றவர் போல ஆக்குவது அல்ல. அவன் தேவையைச் சொல்லவும், தன் வேலையைச் செய்யவும், பத்திரமாக வாழவும் உதவுவதே.

பக்கத்து வீட்டு மகள்

பக்கத்து வீட்டில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. வகுப்பில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டாள். பென்சிலைத் தொலைப்பாள். கேள்வியை முடிக்கும் முன் பதில் சொல்வாள். "துறுதுறுப்பு இல்லை, திமிர்" என்று அடி வாங்குவாள்.

டாக்டர் பார்த்தார். ஏ.டி.எச்.டி. என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்காது. உடம்பு அடங்காது. யோசிக்கும் முன் செய்துவிடுவார்கள். இதுவும் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடுதான். துறுதுறுப்பான பிள்ளைகளுக்கெல்லாம் இது இருப்பதாக நினைக்கக்கூடாது. வீடு, பள்ளி என இரண்டு இடங்களில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்து, படிப்பையும் பழக்கத்தையும் கெடுத்தால்தான் டாக்டர் அப்படிச் சொல்வார். சிலருக்கு மருந்து உதவும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சித்தி அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு நாலு வழி சொன்னாள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்.
பத்து நிமிடம் படிப்பு, பிறகு இரண்டு நிமிடம் ஓட்டம்.
வகுப்பில் முன் வரிசையில் உட்காரவைக்கச் சொல்லுங்கள்.
நல்லது செய்தால் அப்போதே பாராட்டுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

உதவியாளர் மறக்கக்கூடாதவை

அடிக்கக்கூடாது. கட்டக்கூடாது. பட்டினி போடக்கூடாது.
'இந்தக் குழந்தைக்கு இந்த நோய்' என்று தானாகச் சொல்லக்கூடாது.
மருந்து கொடுக்கவோ நிறுத்தவோ சொல்லக்கூடாது.
ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் பேசக்கூடாது.
தெரியாததை மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும்.

பெற்றோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஆறு மாதத்தில் ஆட்டிசத்தைக் குணமாக்குவோம்' என்று சிலர் பணம் கேட்பார்கள். நம்ப வேண்டாம். ஸ்டெம் செல் ஊசி ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. கடன் வாங்கி ஏமாற வேண்டாம்.

எங்கே போவது?

அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் குழந்தைகளைச் சோதிக்க மருத்துவக் குழு வரும். இது 2013-இல் தொடங்கிய அரசுத் திட்டம். உங்கள் சந்தேகத்தை அவர்களிடம் சொல்லுங்கள். மாவட்ட மருத்துவமனையில் விசாரியுங்கள்.

பங்காருப்பேட்டையில் ரயில் ஏறினால் காட்பாடியில் இறங்கலாம். அருகில்தான் வேலூர். அங்கே பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. அதில் 'நம்பிக்கை நிலையம்' என்ற பிரிவு உண்டு. அங்கே பெற்றோருக்கும் சேர்த்துத்தான் பயிற்சி.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. ஆட்டிசம் அதில் ஒன்று. சான்றிதழும் அடையாள அட்டையும் பெறலாம். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு. ஏ.டி.எச்.டி. அந்த 21-இல் இல்லை. ஆனால் ஆறு முதல் பதினான்கு வயது வரை எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் படிக்க உரிமை உண்டு. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்கிறது.

சித்திக்கு ஆறு மாதப் பயிற்சி முடிந்தது. இப்போது அவள் கையில் நாலு நோட்டுகள். நாலு குழந்தைகளின் வீட்டுக்குப் போகிறாள். பாட்டி அந்தப் பழைய சேலையைத் துவைத்து மடித்தார். குட்டிக்குத் தலையணை உறை தைத்தார்.

சிந்தித்துப் பதில் சொல்லுங்கள்

1. பாட்டி குட்டியை ஏன் கட்டி வைத்தார்? அவர் மேல் கோபம் வருகிறதா? ஏன்?
2. நோட்டில் எழுதாமல் இருந்திருந்தால் குட்டியின் ஓட்டத்துக்குக் காரணம் தெரிந்திருக்குமா?
3. சுரங்கத்து மணிக்கும் ரயில் அட்டைக்கும் என்ன ஒற்றுமை?
4. உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருக்கிறதா? அந்தத் தாயிடம் நீங்கள் என்ன பேசுவீர்கள்?

செய்து பாருங்கள்

பல் துலக்குவதை எத்தனை சின்னப் படிகளாகப் பிரிக்கலாம்? ஒவ்வொரு படியையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

புதிய சொற்கள்

மறுவாழ்வு – குறைபாடு உள்ளவர் நன்றாக வாழச் செய்யும் உதவி
மேற்பார்வையாளர் – வேலையைக் கவனித்து வழி சொல்பவர்
அங்கீகரித்தல் – சரி என்று ஏற்றுக்கொள்ளுதல்
காப்பீடு – செலவு வரும்போது கைகொடுக்க முன்பே செய்யும் ஏற்பாடு